ப்ளக் சொருகாத பெட்டி

நம்ப முடியாதென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்குக் கதை விடத் தெரியாது. 2013 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல்.

கல்வராயன் மலையடிவாரத்தில் உமி எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை. நான் அங்கே எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். புகைத்தூசியைப் பிடிக்கும் தகடுகளில் நாற்பதாயிரம் வோல்ட் நிற்கும். அதன் மேல் இருக்கும் மீட்டருக்குக் கரண்ட் கொடுக்க ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். உள்ளே இரண்டு சுருள்கள். நடுவே கம்பித் தொடர்பு கிடையாது. அந்த இடைவெளி அறுபதாயிரம் வோல்ட் தாங்க வேண்டும். தாங்காவிட்டால், கீழே சுவிட்சைப் பிடித்தவன் கரிக்கட்டைதான்.

அதற்கு முந்தின வருடம் ஃபிட்டர் அம்மாசி அப்படித்தான் செத்தான். காண்ட்ராக்டர் தங்கதுரை கொடுத்த டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி மூவாயிரம் வோல்ட்கூடத் தாங்காதது. ‘குடித்துவிட்டு வேலை செய்தான்’ என்று விபத்து அறிக்கையில் தங்கதுரை எழுதினார். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். ஆமாம், நான்தான். வேலை போய்விடும் என்ற பயம்.

அன்று தங்கதுரை வேறொரு பெட்டி கொண்டுவந்தார். பச்சை பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை. சோதனைச் சீட்டு எங்கே என்று கேட்டேன்.

“லோடு நூறு வாட்டுதான பூமால சார்? இதுக்கு இன்னாத்துக்கு சீட்டு? கையெழுத்த போடுங்க.”

போட்டால், நாளை அந்த சுவிட்சை முனியன் பிடிப்பான். அம்மாசியின் தம்பி. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

மணி 12.14.

உம்ம்ம்ம்…

பெட்டி முனகியது. அதன் ப்ளக் தரையில் கிடந்தது.

“சார்… இன்னா சத்தம்?”

12.17. சத்தம் கூடியது. பீடி வாசம். அறையில் நாங்கள் இருவர்தான். இருவருக்குமே பீடிப் பழக்கம் இல்லை.

என் காதருகே மூச்சு…

“தொட்டுக் காட்டச் சொல்லுங்க சார்.”

அம்மாசி குரல்.

சத்தியமாக நான் வாயே திறக்கவில்லை. ஆனால் தங்கதுரை என்னைப் பார்த்து முறைத்தார்.

“தொட்டுக் காட்டணுமா? ப்ளக்கே சொருவல. கரண்டு எங்கேர்ந்து வரும்? இதோ…”

12.20. தொட்டார்.

கை ஒட்டிக்கொண்டது.

விடவில்லை…

போலீஸ் முன்னால் பெட்டியைத் திறந்தோம். முந்தின வருடம் அம்மாசியைக் கொன்ற அதே பெட்டி. மேலே பெயின்ட் மட்டும் புதுசு. மாட்டிய ஃபிட்டர் தன் பெயரையும் தேதியையும் மூடியின் உட்புறம் ஸ்க்ரூடிரைவரால் கீறி வைப்பது எங்கள் ஆலையில் வழக்கம். அம்மாசி பெயர் இருந்தது. அதன் கீழே, அதே கோணல் எழுத்தில், பளபளவென்று ஒரு புதுக் கீறல்: தங்கதுரை, 19.11.2013, 12.20.

அதற்கும் கீழே என் பெயர். தேதி மட்டும் இன்னும் கீறவில்லை.