தகப்பனார் பெயர் என்ற கட்டம்

ஒரு புதிய ஊரில் கூடாரம் அடித்ததும் நான் முதலில் செய்கிற வேலை, என்னை நன்றாகத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பது. சிரிக்காதீர்கள். இந்த வடநாட்டுத் தபாலாபீசுகளில் நமக்கு ரிஜிஸ்தர் கடிதம் வந்தால், "பஹ்சான்வாலா கோ லாவோ" என்பார்கள். உன்னை அடையாளம் சொல்ல உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டி வா என்று அர்த்தம். நேற்றுக் காலை லாரியில் வந்து இறங்கியவனுக்கு உள்ளூரில் யாரைத் தெரியும்? அதனால் இறங்கிய அன்றே ஒரு டீக்கடையைப் பிடித்து, வேண்டாத டீயை நாலு தடவை குடித்து, என் பெயரைக் கடைக்காரர் காதில் போட்டு வைப்பேன். மூன்றாம் நாள் அந்த மனிதர் என்னோடு வந்து, இவரை எனக்கு வெகுநாளாகத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். தென்காசியில் இருக்கிற என் தம்பி சண்முகத்துக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. தபால்காரர் தெருமுனையிலேயே அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு வருவார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த எரிச்சலைப் பற்றியதுதான். இப்போதே சொல்லிவிட்டால் பிறகு யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

ஊர் ஊராகப் போகிற ஒரு பொருட்காட்சிக் கம்பெனியில் நான் என்ஜின் மெக்கானிக். மேளா நடக்கிற இடத்துக்குப் போவோம். ராட்டினத்தை நட்டு நிறுத்துவோம், விளக்குப் போடுவோம், இருபது நாளில் பிரித்துக்கொண்டு அடுத்த ஊர். என் மனைவி செண்பகம் ராட்டினத்துக்கு டிக்கெட் கிழிப்பாள். நாங்கள் குடியிருப்பது கம்பெனி லாரியின் பின்பக்கம். கல்யாணமான மறு வருஷம் ஏறியவர்கள், இன்னும் இறங்கவில்லை. உடம்பு இங்கே இருந்தாலும் எங்கள் காகிதமெல்லாம் தென்காசியில் இருந்தது. ரேஷன் கார்டில் தம்பி குடும்பத்தோடு எங்கள் பெயர். வாக்காளர் பட்டியலில் அவன் வீட்டுக் கதவு எண். எந்த விண்ணப்பமானாலும் முகவரி, "மே/பா சண்முகம், சைக்கிள் கடை". ஒரு தேர்தலுக்குப் பிறகு, "அண்ணே, உங்க ஓட்டை யாரோ போட்டுட்டுப் போயிட்டான்" என்று எழுதினான். அப்போதுகூட, நான் இல்லாத ஊரில் எனக்காக ஒருவன் வரிசையில் நின்றானே என்றுதான் தோன்றியது.

மழைக்காலத்தில் எங்களுக்குத் தொழில் கிடையாது. தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து என்ஜினுக்கு எண்ணெய் போடுவேன். சரியாக அப்போது பார்த்துத் தம்பியின் கடிதம் வரும்: "இந்த வருஷம் சாரல் ஜோர். நேற்று ஐந்தருவிக்குப் போய் வந்தோம்." ஒரே மழைதான். எனக்குச் சேறு, அவனுக்குக் குளியல்.

எங்கள் ஒரே மகள் கோமதி ஒரு மேளா ஊரில் பிறந்தவள். ஆறு வயது நெருங்கும்போது ஒரே வருஷத்தில் நாலு பள்ளிக்கூடம் ஏறி இறங்கினாள். நாலும் இந்தி. எழுத்து பிடிபடுவதற்குள் கூடாரம் பிரிந்துவிடும். கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவளைத் தம்பி வீட்டில் விட வந்தோம். அந்தச் சமயத்தில்தான் பக்கத்துச் செங்கோட்டை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து நம் மாநிலத்தோடு சேர்ந்திருந்தது. அங்குள்ளவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு ராஜ்யம் விட்டு இன்னொரு ராஜ்யத்துக்கு வந்துவிட்டார்கள். எத்தனையோ ராஜ்யம் சுற்றிய எனக்கு ஒன்றிலும் இடமில்லை. தம்பிக்கு இரண்டு பையன்கள், பெண் குழந்தை இல்லை. கோமதியைப் பார்த்ததும் கடையை மூடிவிட்டு வந்து சைக்கிளில் வைத்து ஊரைச் சுற்றிக் காட்டினான். நாங்கள் ரயிலேறும்போது அவள் அழுவாள் என்று செண்பகம் பயந்துகொண்டிருந்தாள். அவள் அழவில்லை. செண்பகம் நாகப்பூர் வரைக்கும் அழுதாள்.

பத்து வருஷம் ஓடிவிட்டது. போன கோடையில் ஒரு டீக்கடைக்காரர் சாட்சி சொல்லி வாங்கிக் கொடுத்த ரிஜிஸ்தர் கடிதம் தம்பியினுடையது. கோமதி பள்ளியிறுதி வகுப்புக்கு வந்துவிட்டாள், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் விவரங்களைச் சரிபார்க்கிறார்கள், அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது என்று எழுதியிருந்தான். அடுத்த வரி இப்படி: "அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. பிள்ளையச் சேக்கப் போன அன்னைக்குத் தகப்பனார் வந்தாத்தான் சேப்போம்னு சொல்லிட்டாக. நீங்க எந்த ஊர்ல இருக்கியன்னே எனக்குத் தெரியாது. கடைசி நாளு. எம் பேரச் சொல்லிட்டேன்."

என் மகள் பத்து வருஷமாக ச. கோமதி. முத்தையா மகள் மு. கோமதி என்று இருந்த காகிதம் நான் அவளுக்கு எழுதிய கடிதங்கள் மட்டும்தான். நான் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். செண்பகம் எடுத்து நீவி வைத்தாள். "அவிய வேணும்னு செய்யல்ல" என்றாள். வேணும் என்றே செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பத்து வருஷமாக மதிப்பெண் அட்டையில் தகப்பன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்துப் புழுங்கினேன்.

பிறப்புச் சான்று இருந்தால் ஒரே நாளில் திருத்திவிடலாம் என்று தம்பி எழுதியிருந்தான். அவள் பிறந்த ஊர் எங்கள் முகாமிலிருந்து ஒரு நாள் பயணம். வேகமாகப் போனேன். நகராட்சிக் குமாஸ்தா பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தார். பெண் குழந்தை என்று இருந்த வரியில் விரலை வைத்துப் படித்தார்: "லட்கி. பிதா, சுப்பையா."

"சுப்பையா என் அப்பா" என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

"ஆமாம், அப்பா பெயர்தானே கேட்டிருக்கிறது" என்றார் அவர்.

"என் அப்பா இல்லை, குழந்தையின் அப்பா வேண்டும்."

"அதுதான் சுப்பையா" என்று மறுபடியும் விரலை வைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, பெரியவர் உயிரோடு இருந்தால் கூட்டி வரச் சொன்னார்.

தப்பு அவருடையது இல்லை. இந்தப் பக்கத்தில் எந்த ஆபீசுக்குப் போனாலும் பெயருக்கு அடுத்து "வல்தியத்?" என்று தகப்பன் பெயரைக் கேட்பார்கள். லாரி பெர்மிட்டுக்கும் அதுதான், மண்ணெண்ணெய்ச் சீட்டுக்கும் அதுதான். சுப்பையா, சுப்பையா என்று சொல்லிச் சொல்லி வாய் பழகியிருந்தது. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் ஓடிப்போய்ப் பதிந்த அன்றைக்கும் அதே வாய் அதையே சொல்லியிருக்கிறது. ஊர் விட்டு ஊர் போகிறவர்களே, உங்களுக்கும் இது நடக்கும், பதிவேட்டில் கை வைக்குமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். குமாஸ்தா கடைசிக் கட்டத்தையும் படித்துக் காட்டினார். தகவல் கொடுத்தவர், முத்தையா. இங்கே தகப்பன் என் அப்பா, அங்கே தகப்பன் என் தம்பி. நான் சேதி சொன்ன ஆள்.

பிறப்புச் சான்று உதவாது என்று தம்பிக்கு எழுதிவிட்டு, ஆனி மாதம் செண்பகத்தோடு தென்காசிக்கு வந்து சேர்ந்தேன். சண்டை போடுவதற்கு என்று ரயிலில் நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். தம்பி ஸ்டேஷனுக்கே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "நான் மாஜிஸ்திரேட் முன்னாடி வந்து சத்தியம் பண்ணுதேன் அண்ணே. பிள்ள உங்க பிள்ளதான்னு நானே சொல்லுதேன்" என்றான். என் வார்த்தையெல்லாம் வீணாகிவிட்டது. அந்தக் கோபம் வேறு சேர்ந்துகொண்டது.

மறுநாள் குற்றாலத்துக்குப் போனோம். சீசன் கூட்டம். அருவிக்குப் போகுமுன் கோமதி கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். நான் கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்க்காமலே இரண்டு எட்டு நடந்து சித்தப்பா கையில் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். கண்ணுக்கு முன்னால் கை இருப்பது அவளுக்குத் தெரியவே இல்லை. தம்பி சங்கிலியைச் சட்டைப் பைக்குள் வைத்து மேலே கையால் பொத்திக்கொண்டு நின்றான். அது அவனுக்கு எத்தனையாவது சீசனோ. குளித்துவிட்டு வந்தவளைச் சித்தி தலை துவட்டினாள். செண்பகம் கையில் இன்னொரு துண்டோடு பக்கத்தில் நின்றாள். பிறகு அந்தத் துண்டால் என் தலையைத் துவட்ட வந்தாள், நான் குளிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கோமதியிடம் தனியாகக் கேட்டேன். "ஏட்டி, பேர மாத்துனா ஒனக்கு வருத்தமா?"

அவள் யோசித்தாள். "வருத்தம் இல்லப்பா. நீங்கதான அப்பா. நீங்க சொல்லுதியன்னா மாத்திருவோம்."

"நான் சொல்லாட்டா?"

"எனக்கா மாத்தணும்னு தோணியிருக்காது" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளையாக வளர்த்திருக்கிறான். அதற்கும் சேர்த்து அவன்மேல் பொறாமைப்பட்டேன்.

பிரமாணப் பத்திரம் இரண்டே நாளில் முடிந்தது. தம்பி சொன்னபடியே சொன்னான். அதை எடுத்துக்கொண்டு நான், தம்பி, கோமதி மூவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்தார். தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் கருப்பு மையில் அழகாக எழுதியிருந்தது, சண்முகம். நான் மேஜையில் இருந்த ரப்பரைப் பார்த்தேன்.

"அழிக்கக் கூடாதுங்க" என்றார் அவர். "ஒத்தைக் கோடு போட்டு அடிச்சிட்டு மேல எழுதணும். பழசு வாசிக்கத் தெரியணும், அதான் ரூல்."

சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். மேலே இருந்த சின்ன இடைவெளியில் முத்தையா என்று நெருக்கி எழுதினார். ஓரத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். கீழே தம்பியின் பெயர் கோட்டோடு நன்றாகவே தெரிந்தது. இடம் இல்லாததால் என் பெயர்தான் சாய்ந்து நின்றது. தம்பி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என் பக்கம் திரும்பியிருந்தால் நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

தலைமையாசிரியை பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார். அடுத்த கட்டத்தின்மேல் விரல் இருந்தது.

"நிரந்தர முகவரின்னு இவங்க வீட்டு நம்பர் இருக்கு. தகப்பனார் மாறியாச்சு, இதையும் அடிச்சிருவோமா? உங்க அட்ரெஸைச் சொல்லுங்க."

அவர் கையில் சிவப்புப் பேனா தயாராக இருந்தது. தம்பி திரும்பினான். கோமதியும் என் முகத்தைப் பார்த்தாள். அந்த நாலைந்து நாளில் அவள் என்னை அப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றேன்.