பாராட்டுக்கு ஒரு பரிசோதனை

மருந்துகளைச் சோதித்துப் பார்க்க உயிரணு வளர்த்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. முதலாளியையும் சேர்த்து மொத்தமே எட்டுப் பேர். அதில் ஆராய்ச்சியில் கெட்டிக்காரராக இருந்த டாக்டரைப் பிடித்து ஒரு நாள் மேலாளர் ஆக்கினார் முதலாளி. நன்றாகப் பாடுகிறவனைக் கூப்பிட்டுக் கப்பல் ஓட்டச் சொல்வது மாதிரிதான். எழுத்துக்கூட்டிப் படித்தே ஆள் வைத்து வேலை வாங்கி முன்னுக்கு வந்த எங்களைப் போன்றவர்களை யார் கேட்கிறார்கள்?

டாக்டருக்கு ஆளை மேய்க்கத் தெரியாது. பரிசோதனை செய்யத் தெரியும். பாராட்டினால் வேலை கூடுமா என்று பார்க்கச் சீட்டுக் குலுக்கினார். மூன்று பேருக்குத் தினமும் காலையில் பாராட்டு. மற்ற மூவருக்கு ஒரு சிரிப்புகூடக் கிடையாது. விஷயம் யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் முடிவு கெட்டுவிடுமாம்.

சிரிப்பில்லாத சீட்டு, உயிரணுக்களை வளர்க்கும் அக்காவுக்கு விழுந்தது. லீவு நாளிலும் வந்து அவற்றுக்குத் தீனி மாற்றுகிறவர். அவர் கை பட்டால்தான் அவை பிழைக்கும். அவை பிழைத்தால்தான் கம்பெனி பிழைக்கும்.

ஒரு வாரம் பொறுத்த அக்கா நேராக அறைக்கு வந்துவிட்டார்.

"சார், நான் என்ன தப்பு பண்ணேன்?"

டாக்டர் திருதிருவென்று விழித்தார். "இந்த மாசம் முடியட்டும். அப்புறம் சொல்றேன்."

வேலையிலிருந்து தூக்கப்போகிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அக்கா எதிர்த்தெரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு, ராஜினாமாவை நீட்டினார். டாக்டருக்கு வியர்த்துவிட்டது. நடந்ததையெல்லாம் கொட்டினார்.

"உங்கமேல எந்தக் கோபமும் இல்லக்கா! சீட்டுல விழுந்தது, அவ்ளோதான்!"

"ஓஹோ. நான் வீட்ல சோறு எறங்காம கெடந்தது ஒரு சீட்டுக்கா?"

"நீங்க இல்லன்னா இந்தக் கம்பெனியே இல்லக்கா. உங்க கை மாதிரி யாருக்கு வரும்?"

அக்கா கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது நெஜமாச் சொல்றீங்களா, இல்ல இப்ப நான் பாராட்டுச் சீட்டுக்கு மாறிட்டேனா சார்?"

டாக்டர் சத்தியம் செய்யாத குறை. நம்பத்தான் ஆளில்லை. அக்கா போய்விட்டார்.

வளர்ப்பு அறையில் தட்டுத் தட்டாகப் பூஞ்சை பிடித்து, கம்பெனியையே மூடும் நிலை வந்த பிறகு, விஷயம் தெரிந்து முதலாளி வந்து நின்றார்.

"பாராட்டினா வேலை கூடுதா, கூடலையா? அதையாவது சொல்லுய்யா."

"நடுவுல ஒருத்தர் விலகிட்டதால முடிவு சொல்ல முடியாது சார்," என்றார் டாக்டர், மிகவும் பொறுப்பாக. "மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"யாரை வச்சுய்யா?"