ஒன்பதாவது பாரில் இடது பக்கம்

காலை எட்டு நாற்பது. தில்லைநகரில் நான் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் மியூசிக் சென்டரின் தேர்வு அறை. உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது ஆம்ப்ளிஃபயர். அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். வால்யூம் குமிழிலும் ஒரு பொட்டு. திருப்பினால் விரலில் ஒட்டியது.

வைத்தவர் சென்டர் முதலாளி ரங்கராஜன். ஸ்ரீரங்கத்துக்காரர். இதற்கு முன் அதே மாடியில் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி டியூஷன் நடத்தினார். பெஞ்சுகளை மாற்றவில்லை. முறையையும் மாற்றவில்லை.

1. முன்னாடியே தோன்றுவது

அன்று கிட்டார் கிரேடு தேர்வு. அதற்கு ஒரு பழைய எலக்ட்ரிக் ப்ளூஸ் பாட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. மூன்றே கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு; பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளக் கட்டம். முதல் சுற்றைப் புத்தகத்தில் உள்ளபடி வாசிக்க வேண்டும். இரண்டாவது சுற்று சோலோ, தனி வாசிப்பு. அதை அங்கேயே, அப்போது தோன்றுகிறபடி வாசிக்க வேண்டும் என்பது விதி.

விதியை ரங்கராஜனிடம் படித்துக் காட்டினேன்.

"அப்போ தோணலேன்னா என்ன சார் பண்றது? ரிசல்ட் என்ன ஆறது? முன்னாடியே தோண வெச்சுடுங்கோ."

நான் மறுக்கவில்லை. இருபது வருடம் மெல்லிசை மேடையில் வாசித்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தேர்வுக்குப் போகும் மாணவர்கள் ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரே சோலோவைப் போனில் வீடியோ எடுத்தேன். ஒன்பதாவது பாரில் வாசல் மணி அடித்தது. கேஸ் சிலிண்டர். அரைத் தாளம் நின்றேன். இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். விரல் கிட்டார் கழுத்தில் தப்பான கட்டத்தில், தப்பான ஃப்ரெட்டில் விழுந்தது. சறுக்கிச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனேன். மறுபடி எடுக்கச் சோம்பல். வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன்.

2. ஷாகுல் பாய்

ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு அந்தச் சான்றிதழ் வீட்டுச் சுவரில் மாட்ட. ஷாகுல் பாய்க்கு மட்டும் சோறு. பாலக்கரைக்காரர். வயது முப்பத்தாறு. துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தபோது, வெள்ளிக்கிழமைகளில் உடன் வேலை செய்தவர்களோடு சேர்ந்து கிட்டார் கற்றவர். கம்பெனி மூடி ஊர் திரும்பிவிட்டார். முசிறி ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம், இந்த கிரேடு பாஸானால் மியூசிக் மாஸ்டர் வேலை என்று சொல்லியிருந்தது.

அவரிடம் ஒரு பழக்கம். மூன்றாவது கம்பியை இழுத்துச் சுரத்தை மேலே கொண்டுபோவார். போய்ச் சேர விடமாட்டார். ஒரு நூல் குறைவாக அங்கேயே நிறுத்திவிடுவார். கேட்கிறவனுக்கு உள்ளே என்னவோ செய்யும். ப்ளூஸில் பாதி அதுதான். வீடியோவில் அது இல்லை.

"பாய், வீடியோல இருக்கற மாதிரி வாசிங்க."

"மாஸ்டர், இந்தப் பாட்டே ரெண்டு பேர் பேசிக்கிற மாதிரில்ல இருக்கு? ஒருத்தன் சொல்றான், கிட்டார் பதில் சொல்லுது. பதிலை மனப்பாடம் பண்ணிட்டு வந்தா, அவன் என்ன சொன்னான்னு நான் எதுக்குக் கேக்கணும்?"

"பாஸாகணுமா, வேணாமா?"

"ஆகணும் மாஸ்டர்."

"அப்ப மனப்பாடம் பண்ணுங்க."

பண்ணினார்.

3. ஜன்னல்

தேர்வாளர் சென்னையிலிருந்து வந்தவர். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். ரிதம் வாசிக்க நான் அறையிலேயே இருந்தேன்.

முதல் மாணவி ஒன்பதாவது பாரில் அரைத் தாளம் நின்றாள். இடது பக்கம் திரும்பினாள். தப்பான ஃப்ரெட், ஒரு சறுக்கல். இரண்டாவது பையனும் அப்படியே. நான்காவது ஆள் வந்தபோது, அந்த இடத்தில் தேர்வாளரே இடது பக்கம் பார்த்தார். எட்டாவது ஆள் போனதும் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்:

"மாஸ்டர், அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஜன்னல் சார்."

"யாராவது வராங்களா?"

நான் குனிந்து என் கிட்டாரின் சுருதியைச் சரிபார்த்தேன்.

ஒன்பதாவதாக ஷாகுல் பாய். அவரும் நின்றார், திரும்பினார், சறுக்கினார். தேர்வாளர் பேனாவை மூடினார். "இன்னொரு தடவை வாசிங்க. ஜன்னலைப் பாக்காம."

மற்றவர்களை அவர் இப்படிக் கேட்கவில்லை. பாய் அனுமதி கேட்பதுபோல என்னைப் பார்த்தார். அப்போதாவது தலையை அசைத்திருக்கலாம். ஆம்ப்ளிஃபயரின் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது கம்பியை இழுத்தார். போய்ச் சேரவில்லை. ஒன்பதாவது பார் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. ரிதத்தில் நான்தான் ஒரு கார்டு தவறினேன். தேர்வாளர் பேனாவைத் திறந்து எழுதினார்.

வெளியே வந்ததும் பாய் சொன்னார்: "மன்னிச்சுக்கங்க மாஸ்டர், உங்களுது மறந்துபோச்சு."

4. ரிசல்ட்

ஒன்பது பேரும் பாஸ். எட்டுப் பேர் புத்தகத்தில் உள்ள சுற்றின் மதிப்பெண்ணால் ஒருவழியாகத் தேறினார்கள். சோலோவில் முழு மதிப்பெண் ஷாகுல் பாய்க்கு மட்டும். முசிறி ரோட்டுப் பள்ளியில் சேர்ந்துவிட்டார்.

ரங்கராஜன் இனிப்பு டப்பாவோடு வந்தார். "பாத்தேளா சார்? உங்க வீடியோதான். பாய்க்கு ஃபுல் மார்க்!"

நடந்ததைச் சொன்னேன். "அதெல்லாம் அவாவா அதிர்ஷ்டம்" என்று டப்பாவை நீட்டினார். எடுத்துக்கொண்டேன்.

புதிதாக வகுப்பெடுக்க வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அன்று அந்த அறையில் என்ன தோன்றுமோ என்று பயந்தவர்கள் ரங்கராஜனும் நானும். மாணவர்களுக்கு அந்தப் பயத்தைத்தான் சொல்லிக்கொடுத்தோம். நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

இந்த வருடம் பதினோரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதே பழைய வீடியோ இன்னும் வாட்ஸப் குழுவில் எல்லாவற்றுக்கும் மேலே பின் குத்தி வைக்கப்பட்டிருக்கிறது.