சகலை எடுத்த சூரியன்

சகலையின் வீட்டுக் கூடத்தில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்தப் படம் கண்ணில் படும். மிளகளவு கறுப்பு வட்டம், அதைச் சுற்றிப் பிய்த்த பஞ்சு போல வெள்ளை ஒளி, கீழ் ஓரத்தில் ஒரு படகின் மூக்கு. முழுச் சூரிய கிரகணம். எடுத்தவர் கை ஆடியிருக்கிறது. கரை சாய்ந்திருக்கிறது. அந்தப் படகுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. போகும்போதெல்லாம் குறைகளை எண்ணுவேன். இதுவரை ஏழு. எட்டாவது ஒன்று கிடைத்தால் மனம் கொஞ்சம் ஆறும்.

அவர் என் மனைவியின் தங்கை கணவர். இருவருக்கும் நெய்வேலிச் சுரங்கத்தில், நிலக்கரி ஏற்றிவரும் கன்வேயரில்தான் வேலை. ஆனால் குடும்பத்தில் காமிராக்காரன் என்றால் அது நான்தான். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சகலை நான் சொல்லும் பக்கம் விளக்கைப் பிடிப்பார். அவ்வளவுதான் அவர் பங்கு.

காசியில் முழுக் கிரகணம் தெரியும் என்று செய்தி வந்ததும் நான்கு பேருக்கும் டிக்கெட் எடுத்தேன். பெண்களுக்குக் கங்கை, எனக்குச் சூரியன். ஒரு மாதம் திட்டம் போட்டேன். முப்பத்தாறு படச் சுருளில் எந்தப் படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பது மனப்பாடம். லென்ஸின் முன்னால் வெல்டிங் கண்ணாடியை ரப்பர் பட்டை போட்டுக் கட்டினேன். சூரியன் முழுதாக மறைந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் படம் வெறும் கறுப்பாகிவிடும்; மூன்றே நிமிடம்தான் மறைந்திருக்கும். ஒரு வினாடி முந்தினாலும் கண் போகும் என்று பயந்தேன். அதனால் சகலை இன்னொரு கண்ணாடித் துண்டு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்து, "எடுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

சுரங்கத்தில் இதற்கு லைன் கிளியர் என்று பெயர். கன்வேயரை நிறுத்தச் சொல்லி உள்ளே இறங்கியவரே வெளியே வந்து "ஓட்டு" என்று சொல்ல வேண்டும். அதுவரை மேலதிகாரியே வந்தாலும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. முப்பது வருடம் அப்படியே பழகிய கை இது.

அன்று படித்துறையில், மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்திய காமிராவின் பின்னால் தலையில் துண்டைப் போர்த்திக் குனிந்து, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மங்கியது. காற்று சில்லிட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது. என் காதுக்கு வேண்டிய ஒரே சொல் மட்டும் வரவில்லை. கை கண்ணாடியின் மேலேயே இருந்தது. கழற்றவில்லை. மறுபடி வெயில் அந்தக் கையில் விழுந்தபோதுதான் அவர் குரல் வந்தது.

"போச்சே சகல!"

ஊருக்கு வந்து கழுவிப் பார்த்தால் தேய்பிறை போல ஒன்பது படங்கள், மற்றதெல்லாம் கறுப்பு. அவரோ மகனுடைய சின்னக் காமிராவில், பார்க்காமலே ஒரு தரம் அமுக்கியிருக்கிறார். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். வருகிறவர்களிடம், "நானும் சகலயும் எடுத்தது" என்பார். "நான் எடுத்தது" என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். அவர் மகன் ஜெட்டாவில் இருக்கிறான். அடுத்த முழுக் கிரகணம் அங்கேதான், ஆறு நிமிடமாம். மகன் டிக்கெட் எடுக்கப் போகிறானாம்.

"உங்க ஸ்டாண்ட எரவல் குடுங்க சகல. நீங்களும் வந்தீங்கன்னா நல்லாருக்கும்."

"என் முட்டி பாத்ரூம் வரைக்கும்தான் வருது. எனக்கெதுக்கு ஜெட்டா?" என்றேன்.

ஸ்டாண்டைக் கொடுத்தேன். அதன் மூன்றாவது காலில் திருகு தேய்ந்துபோய், நிறுத்திய கொஞ்ச நேரத்தில் மெல்ல இறங்கிவிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. இறங்கட்டுமே என்றிருந்தது. அதைக் குழந்தை மாதிரி ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திக்கொண்டு கிளம்பினார். கேட்டைத் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"சகல, நில்லுங்க! மூணாவது கால் நிக்காது. திருகு தேஞ்சிருக்கு."

வண்டியை அணைக்காமலே திரும்பினார். "அது தெரியுங்களே. காசியிலயே எறங்கிக்கினுதான இருந்துச்சி? உங்க காமிரா சாஞ்சிடப் போவுதுன்னு முழங்காலால முட்டுக் குடுத்துக்கினே நின்னேன். அந்த பயத்துலதான் கொரல் குடுக்க மறந்துட்டேன்."

"அப்புறம் எப்படிங்க நீங்க மட்டும் படம் எடுத்தீங்க?"

"ஒரு கை சும்மாதான இருந்துச்சி?"

வண்டி குறிஞ்சிப்பாடி ரோட்டில் திரும்பிவிட்டது. அவர்மேல் கோபப்பட இத்தனை வருடம் எனக்கு இருந்த ஒரே நியாயத்தையும் ஸ்டாண்டோடு சேர்த்து எடுத்துப் போய்விட்டார். பொறாமையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.