எங்கள் வீட்டில் கொடி இறங்காத வருடம்

சுருட்டுக் கொட்டிலில் பேப்பர் வாசிக்கிறவனாக நான் வேலை பார்த்தேன் என்றால் இப்போது என் பிள்ளைகளே நம்புவதில்லை. அறுபதுகளின் பிற்பாதியில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அது ஒரு உத்தியோகம். வரிசையாகப் பாயில் இருந்து மடியில் பலகை வைத்துச் சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்குக் கை ஓயாது. காது மட்டும் சும்மா கிடக்கும். அந்தக் காதுகளுக்குத் தீனி போடுவது என் வேலை. நடுவில் ஒரு மர வாங்கில் இருந்துகொண்டு தலைப்புச் செய்தியிலிருந்து மரண அறிவித்தல் வரை உரத்து வாசிப்பேன். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்த காலம். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. படித்தவன் என்று காட்டிக்கொள்ள, கொட்டிலில் நான் ஒருவன் மட்டும் சுருட்டைத் தொடாமல் சிகரெட் பத்திப் புகை விட்டேன்.

ஒரு நாள் உள்பக்கத்தில் ஒரு சிறிய செய்தி. சிகரெட் புகை நெஞ்சைப் பழுதாக்குகிறது, புற்றுநோயும் வரலாம் என்று வெளிநாட்டு டொக்டர்கள் சொல்வதாகப் போட்டிருந்தது. பாதி வாசித்த பிறகுதான் எந்த இடத்தில் இருந்து என்னத்தை வாசிக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. சுற்றியிருந்த அத்தனை பேரும் புகையிலையில் சோறு தின்கிறவர்கள். என் குரல் தானாகத் தாழ்ந்தது.

"வடிவாய் வாசியும் தம்பி, கேக்கேல்லை" என்றார் முதலாளி.

வேறு வழியில்லாமல் முழுவதையும் வாசித்து முடித்தேன். கொட்டிலிலேயே வயதில் மூத்த கிழவர், எண்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவர், வாயிலிருந்த சுருட்டை மெல்ல எடுத்தார்.

"சிகரெட்டெண்டுதானே போட்டிருக்கு?"

"ஓம்."

"சுருட்டெண்டு ஒரு இடத்திலையும் இல்லையோ?"

"இல்லை."

"பாத்தியளே. எல்லாம் கடதாசி செய்யிற வேலை. கடதாசியைக் கொளுத்தி அந்தப் புகையை உள்ளுக்கு விட்டால் நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? நான் அப்பவே சொன்னனான்."

கொட்டில் கலகலப்பாகியது. முதலாளி எல்லோருக்கும் தேத்தண்ணியும் வடையும் எடுப்பித்தார். தென்பகுதிக்குச் சுருட்டு அனுப்புகிற வியாபாரி அடுத்த நாள் வந்தபோது, அதே செய்தியை அவருக்கு இன்னொரு தரம் வாசித்துக் காட்டச் சொன்னார். அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு வடை தின்றவர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம். சிகரெட் பத்துகிற என்னைத்தான் எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். "பாவம், படிச்ச பிள்ளை" என்று கிழவர் உச்சுக்கொட்டினார்.

கிழவரிடம் உடம்பைப் பற்றி ஒரு முழுச் சாத்திரமே இருந்தது. சுருட்டு சூடு, அது சளியை அறுக்கும். கள்ளு குளிர்ச்சி, அது சுருட்டின் சூட்டைத் தணிப்பதோடு நாள் முழுக்கத் தொண்டையில் படிகிற புகையிலைத் தூசியையும் கழுவிவிடும். ஆகவே காலையில் சுருட்டும் பின்னேரம் தவறணையில் கள்ளுமாக இருக்கிறவனுக்கு ஒரு நோய் வருத்தமும் அண்டாது. யாராவது மறுத்துக் கதைத்தால் தன் நெஞ்சில் தட்டிக் காட்டுவார். எண்பதை நெருங்குகிற நெஞ்சு அது.

அந்தச் சாத்திரத்தில் முழு நம்பிக்கை வைத்தவர் என்னுடைய அண்ணை. கொட்டிலில் அவருடைய கைக்குத் தனி மதிப்பு. நான் அவருடைய வீட்டில்தான் இருந்தேன். அண்ணை, அவருடைய மனைவியான என் மச்சாள், அவர்களுடைய ஒரே மகள், நான் என்று வீட்டில் நாலு பேர். என் பெறாமகளுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்கு முட்டு வருத்தம் இருந்தது. பொழுது படுகிற நேரத்தில் மூச்சு இழுக்கத் தொடங்கும். நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோலச் சத்தம் கேட்கும். தலையணையை மடியில் வைத்துக் குனிந்துகொண்டு, தோள்கள் ஏறி இறங்க, பேசாமல் இருப்பாள். அவள் ஒரு நாளும் அழுததில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டும் என்பது எனக்கு அவளைப் பார்த்துத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடம் போன நாட்களைவிடப் போகாத நாட்கள்தான் அதிகம்.

"உங்கடை புகைதான் பிள்ளைக்கு ஆகுதில்லை" என்பாள் மச்சாள்.

"புகை சளியை அறுக்கும். உனக்குத் தெரியாட்டிச் சும்மா இரு" என்பார் அண்ணை.

கிழவர் ஒரு நாள் வீடு தேடி வந்து, தேனில் இரண்டு துளி பிராண்டி விட்டுப் பிள்ளைக்கு நாக்கில் தடவும்படி வைத்தியம் சொன்னார். மச்சாள் அவரை வாசல் படலையிலேயே மறித்துக்கொண்டாள். "ஐயா, நீங்கள் நூறு வயது இருங்கோ. என்ரை பிள்ளையை எனக்கு விட்டிடுங்கோ" என்றாள். அதற்குப் பிறகு கிழவர் எங்கள் ஒழுங்கையால் போனாலும் மற்றக் கரையால்தான் போவார்.

டொக்டரிடமும் காட்டினார்கள். புகை படக்கூடாது, தகப்பன் பத்துவதை நிற்பாட்ட வேண்டும் என்று அவர் கறாராகச் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவருடைய மேசையில் சிகரெட் ரின் ஒன்று மூடி திறந்தபடி இருந்ததாம். அண்ணை வழக்கில் வென்றவர்போல வீடு திரும்பினார்.

"சொல்லுறவரே பத்துறார். பிறகென்ன?"

"அவர் தன்ரை பிள்ளைக்குப் பக்கத்திலை நிண்டு பத்துறாரோ எண்டு கேட்டனீங்களோ?" என்றாள் மச்சாள்.

இந்த வாக்குவாதம் இப்படியே இழுபட்டுக்கொண்டிருந்தபோது ஆவணி பிறந்து நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது. கொடியேறினால் எங்கள் பக்கத்தில் மீன், இறைச்சி வீட்டுக்குள் வராது. தவறணைப் பக்கம் ஆண்கள் தலை வைத்தும் படுக்கமாட்டார்கள். அந்த வருடம் அண்ணை மகளுக்காகப் பிரதட்டை பண்ணுவதாக நேர்த்தி வைத்திருந்தார். விடிய எழும்பிப் போய், நனைந்த வேட்டியோடு கோயில் வீதி மணலில் உருண்டு வருவார். அப்படி நேர்ந்துகொண்டவர் வாயில் சுருட்டு வைக்கலாமா? அதையும் விட்டார். கொட்டிலில் சுற்றினாரே தவிர ஒன்றைக்கூடக் கொளுத்தவில்லை. வேலை முடிந்து வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போவார். உடுப்பை அங்கேயே கழற்றி ஊறப்போட்டு, தலையில் வார்த்து, திருநீறு பூசிக்கொண்டுதான் வீட்டுக்குள் கால் வைப்பார்.

திருவிழா பாதி போவதற்குள் பிள்ளையின் விசில் நின்றது. முதலில் நாங்கள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் போய்விடுமோ என்ற பயம். பொழுது பட்டதும் மூன்று பேரும் ஏதோ வேலை செய்கிறவர்கள்போல அவளைச் சுற்றிச் சுற்றி வருவோம். அவளோ தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருப்பாள். இவ்வளவு கதை இந்தப் பிள்ளையிடம் எங்கே இருந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தேர் முடிந்து, தீர்த்தமும் முடிந்து, கொடி இறங்கியது. அண்ணை கோயிலிலிருந்து கண் கலங்கியபடி வந்தார்.

"முருகன் கண் திறந்திட்டான்" என்றார்.

"ஓம். அவன் உங்கடை சுருட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தந்திருக்கிறான்" என்றாள் மச்சாள்.

அண்ணைக்குச் சுருக்கென்றது. முருகன் செய்ததைப் போய்ப் புகையோடு முடிச்சுப் போடுகிறாளே என்று கோபம். அருள் என்றார் அவர், புகை இல்லாததுதான் என்றாள் அவள். பிள்ளை நன்றாக இருப்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை. ஏன் நன்றாக இருக்கிறாள் என்பதில்தான் சண்டை. இப்படி ஒரு சந்தோஷமான சண்டையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். வயது போகப் போக இந்த முட்டு தானாக விட்டுப்போவதும் உண்டு என்று எங்கோ வாசித்ததைச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏசினார்கள்.

அடுத்த நாள் சந்தைக்குப் போன மச்சாள் மீன் வாங்காமல் வந்தாள். அதற்கடுத்த நாளும் மரக்கறிதான். கிணற்றடியில் அண்ணைக்குத் தோய்த்த வேட்டி காத்திருந்தது. மூன்றாம் நாள் அண்ணை கேட்டார்.

"இஞ்சேர், கொடி இறங்கி எத்தினை நாளாச்சு? மீன் காய்ச்சேல்லையோ?"

"நல்லூரிலை இறங்கிட்டுது. எங்கடை வீட்டிலை இன்னும் இறங்கேல்லை" என்றாள்.

முருகன் பேரில் போட்ட சட்டத்தை மறுக்க அண்ணைக்கு வாய் வரவில்லை. டொக்டர் சொல்லிக் கேட்காதவர், பேப்பரில் போட்டும் கேட்காதவர், மச்சாள் ஏற்றிவைத்த கண்ணுக்குத் தெரியாத கொடிக்குக் கட்டுப்பட்டார். எனக்கும் சேர்த்துத்தான் கொடி என்று அவள் சொன்னதால் என் சிகரெட்டும் போயிற்று.

கொட்டிலில் பகிடி தாங்க முடியவில்லை. "உன்ரை வீட்டிலை எப்ப தேர், எப்ப தீர்த்தம்?" என்று தினமும் கேட்பார்கள். முதலாளிக்குத்தான் உண்மையான கவலை. "சுத்துறவனே பத்தாட்டி வாங்க வாறவன் என்ன நினைப்பான்?" என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "முருகன் விஷயம்" என்று மட்டும் சொன்னேன். அவரும் கோயிலுக்குப் போகிறவர்தான். பிறகு கேட்கவில்லை.

பிறகு மாரி வந்தது. கார்த்திகையில் விடாமல் மழை பெய்த ஒரு பின்னேரம் பிள்ளையின் நெஞ்சில் மறுபடியும் விசில் கேட்டது. அண்ணையின் முகம் செத்துப்போயிற்று. இருந்தாற்போல் எழும்பி வெளியே போனவர், கையில் ஒரு சுருட்டோடு வந்து தாழ்வாரத்தில் நின்றார். நெருப்புப்பெட்டியும் இருந்தது.

"பத்தாமலும் வருகுது. கொடி இறங்காமலும் வருகுது. பிறகு நான் என்னத்துக்கு இப்பிடி வாயைக் கட்டுறன்?" என்றார். ஏமாந்துபோன மனிதனின் குரல் அது.

மச்சாள் பிள்ளையின் முதுகைத் தடவுவதை நிறுத்தவில்லை. போன மாரியை நினைத்துப் பாருங்கோ என்று எதிர்த்து வாதாடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாதாடவில்லை.

"எனக்குந்தான் தெரியேல்லை" என்றாள். "புகையோ, முருகனோ, மழையோ, எனக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் பத்திக்கொண்டு திரிஞ்ச காலத்திலை பிள்ளை உங்களைக் கண்டால் உள்ளுக்கை போயிடுவாள். இப்ப உங்கடை மடியிலை வந்து இருக்கிறாள். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அண்ணை குந்தி இருந்து அந்தச் சுருட்டின் நுனியைப் பிரிக்கத் தொடங்கினார். இலையை எறிய அவருடைய கை விடாது. சுற்றிய அதே பக்குவத்தோடு மேல் இலையை உரித்து, நீவி, மடித்து ஓரமாக வைத்தார். அவர் அழுதுகொண்டிருந்தார். அன்று என் அண்ணையை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்த மாரியில் இன்னும் ஒரு தரம் முட்டு வந்தது. பிறகு தை பிறந்தது. பள்ளிக்கூடத்துக்கு அவள் ஒழுங்காகப் போகத் தொடங்கியிருந்தாள். அங்கே இல்லங்களாகப் பிரித்து நடத்துகிற விளையாட்டுப் போட்டி பார்க்க அண்ணையும் நானும் போனோம். அவள் வேடிக்கை பார்க்கத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, மைதானக் கரையில் வேப்பமரத்தடியில் நின்றோம். சின்னப் பிள்ளைகளின் ஓட்டத்துக்கு வரிசை கட்டினார்கள். அந்த வரிசையில், சட்டையில் தன் இல்லத்தின் நீல ரிபன் குத்தியபடி அவள் நின்றாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

அண்ணை மறிக்க ஓடுவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் முன்னே போய்விட்டார்கள். இவள் கடைசியாக, கைகளைக் கண்டபாட்டுக்கு வீசிக்கொண்டு, கோட்டைத் தாண்டியும் நிற்கத் தெரியாமல் ஓடி, புல்லில் போய்க் குந்தினாள். நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. அண்ணை கூட்டத்தை இடித்துக்கொண்டு பாய்ந்து போய் அவள் முன்னால் முழங்காலில் விழுந்தார். அவளுடைய நெஞ்சில் காதை வைத்தார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மைதானமே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாத்தியாரம்மா பதறிக்கொண்டு வந்தார்.

"என்ன, பிள்ளைக்கு என்ன செய்யுது?"

அண்ணை காதை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

"ஒண்டுமில்லை ரீச்சர்" என்றார். "ஓடினவள். அதாலை இளைக்குது."