மீன் பாடம்

கேம்ப் ரோடு ரத்தினபாய்க்கு வளைந்துகொடுக்கிற சுபாவம் கிடையாது. இருந்திருந்தால், மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து மாடியில் ராஜகோபாலன் சார் நடத்திய இங்கிலீஷ் வகுப்பில் இன்னும் சாக்பீஸ் பிடித்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூட வேலையை ஒரு சண்டையில் உதறிவிட்டு வந்தவளுக்கு அந்த வகுப்பை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிற பெண்கள் ஷிப்ட் முடிந்து வருவார்கள். சூப்பர்வைசர் இங்கிலீஷில் திட்டினால் திருப்பிக் கேட்க வேண்டும், அதுதான் அவர்கள் ஆசை. சார் ஐம்பது வாக்கியம் அச்சடித்துக் கொடுத்து, மனப்பாடம் பண்ணு என்பார். ஐம்பத்தோராவது வாக்கியத்தை எவனாவது பேசித் தொலைத்தால்? பேந்தப் பேந்த முழிக்க வேண்டியதுதான்.

ரத்தினபாய் அந்தத் தாளை மூட்டைகட்டினாள். "வார்த்தைங்கறது மீன்மா. தலை, நடுத்துண்டு, வால். வெட்டத் தெரிஞ்சா எந்த மீனும் உங்களுது."

ஹாப்பிக்கு 'அன்' தலை வைத்தால் சந்தோஷம் போச்சு. கேருக்கு 'ஃபுல்' வால் வைத்தால் கவனம், 'லெஸ்' வைத்தால் அலட்சியம். வகுப்பு களைகட்டியது.

சைவச் சாப்பாட்டுக்காரரான சாருக்குக் குமட்டியது. "இது கிளாஸா, மீன் மார்க்கெட்டா? மனப்பாடம் பண்ண வையுங்க, இல்லேன்னா வேலையை விடுங்க" என்றார். மறுநாள் தாமே சோதிக்க வந்து, முதல் பெஞ்சிலிருந்த அங்காளம்மாளை எழுப்பி, பாசிபிளுக்கு எதிர்ப்பதம் கேட்டார்.

"அன்பாசிபிள் சார்."

சார் விழுந்து விழுந்து சிரித்தார். அங்காளம்மாளின் முகம் சுண்டிப்போனது. ரத்தினபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தலை மாறிடுச்சு, அவ்வளவுதானே சார்? 'பா' வர்றதுக்கு முன்னாடி உதடு மூடும், அதனால 'இம்' தலை, இம்பாசிபிள். அவ சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா, இல்லையா?"

"யூ ஆர் இர்ரெஸ்பான்சிபிள்" என்று கத்தினார் சார்.

வகுப்பில் அதுவரை வராத வார்த்தை. ரத்தினபாய் அதை அப்படியே பலகையில் எழுதி, சாக்பீஸை அங்காளம்மாளிடம் நீட்டினாள். "வெட்டும்மா."

அவள் இரண்டு கோடு கிழித்தாள். "முன்னால ஐஆர் தலை, இர்ரெகுலர்ல வந்துச்சே, இல்லைன்னு அர்த்தம். வால் 'இபிள்', முடியும்னு. நடுவுல ரெஸ்பான்ஸ் கீது, அது பதில்." கொஞ்சம் யோசித்தாள். "பதில் சொல்ல முடியாதவங்கன்னு உங்கள திட்டிகினு கீறாரு அக்கா."

"அப்படியா?" ரத்தினபாய் பையைத் தோளில் மாட்டினாள். "அப்போ பதில் சொல்லிட்டே போறேன் சார். நாளைலேர்ந்து கிளாஸ் எங்க வீட்டு மொட்டைமாடியில."

பெஞ்சுகள் காலியாயின. சாக்பீஸ் அங்காளம்மாள் கையோடு போய்விட்டது.