சண்டைக்கு முன்னால் கல்யாணம்

மலாக்காவில், காஜா பெராங் பக்கத்தில், தெய்வானையைத் தெரியாதவர் கிடையாது. காலையில் தலையில் தட்டோடு தெங்கேரா வரை நடந்து பலகாரம் விற்பாள். மீன்காரன் எடையில் கை வைத்தால் அவன் பரம்பரையையே சந்தி சிரிக்க வைத்துவிடுவாள். வருஷத்தில் ஒரே ஒரு நாள், மாரியம்மன் திருவிழாவின்போது, மீசை ஒட்டி, தலைப்பாகை வைத்து, இடுப்பில் பொய்க்குதிரையைக் கட்டிக்கொண்டு இளவரசன் கதிர்வேந்தனாக மேடையேறுவாள். அதைப் பார்க்க செங் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து சனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள்.

இதில் வேடிக்கை, கதிர்வேந்தன் பாடுவது அத்தனையும் தமிழ்; தெய்வானைக்கோ தமிழ் தெரியாது. அவள் செட்டி வீட்டுப் பெண். முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து மலாக்காவில் வேர் பிடித்துப் பல தலைமுறை ஆகிவிட்டது. நெற்றியில் திருநீறு தங்கியது, கோயில் தங்கியது, நாக்கு மட்டும் மலாய்க்குப் போய்விட்டது. பண்டார் ஹிலிரில் துணிக்கடை வைத்திருந்த நாகூர் மீரான் ஒரு கல்யாண வீட்டில் அவள் மலாய்ப் பாட்டுப் பாடக் கேட்டார். நாடகப் பித்துப் பிடித்த மனிதர். மறுநாளே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, தமிள் தெரியாட்டி என்னா? பாட்டு தெரியுதில்ல, போதும்," என்றார் மலாயில். அவளிடம் அவர் பேசுவதெல்லாம் மலாய்தான்.

கதிர்வேந்தன் நாடகம் மீரானே கட்டியது. பழங்காலத்து ராஜா கதை. மரகதவல்லி என்ற இளவரசியை ஒரு முரட்டு அரசன் கோட்டையில் அடைத்து வைத்திருப்பான். அவள் மேல் காதல் கொண்ட கதிர்வேந்தன் தனியாளாகக் குதிரையில் வந்து அவனோடு மோதுவான். பாதிச் சண்டையில் எதிரியின் வாள் முறிந்துபோகும். ஆயுதம் இல்லாதவனை வெட்ட மாட்டேன் என்று கதிர்வேந்தன் தன் இன்னொரு வாளை அவனிடம் நீட்டுவான். அந்த இடத்தில் கொட்டகை இடிந்து விழுவது போலக் கைதட்டல் எழும். அதைக் கேட்கத்தான் பாதிப் பேர் வருவார்கள்.

தெய்வானை ஒவ்வொரு பாட்டையும் ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் மலாயில் அர்த்தம் குறித்து மனப்பாடம் செய்தாள். பலகாரம் தட்டும்போதும் பாடினாள், துணி துவைக்கும்போதும் பாடினாள். ஒன்பது வருஷத்தில் ஓர் எழுத்துப் பிசகியதில்லை. தமிழ் தெரிந்தவர்களே மேடையில் வரியை மறந்து முழித்தபோது அவள் முழித்ததில்லை. அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

முரட்டு அரசனாக வருபவர் அவள் புருஷன் சின்னப்பா. நிஜத்தில் அவரைப்போல் ஒரு சாது ஊரில் கிடையாது. யுத்தத்துக்கு முன்னால் நில ஆபீஸில் எழுத்தர். ஜப்பான்காரன் வந்தபிறகு மரவள்ளி நடுகிறவர். அவருக்கும் தமிழ் வராது. பாவம் பார்த்து மீரான் அவருக்கு ஆறே வரிதான் கொடுத்திருந்தார். அந்த ஆறையும் வருஷாவருஷம் வீட்டில் வைத்துப் பெண்டாட்டி அவர் மண்டையில் ஏற்ற வேண்டியிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷத் திருவிழாவுக்கு நாடகம் வேண்டாமென்றுதான் தெய்வானை சொன்னாள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கேயோ ஒரு தோட்டத்தில் இலவசமாகப் படம் காட்டுவதாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஆண்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். "வெறும் பேச்சும்மா. நான் எளுதிக் குடுத்து அனுமதி வாங்கியாச்சு," என்றார் மீரான். பசியிலும் பயத்திலும் காய்ந்து கிடந்த சனங்களுக்கு அந்த ஒரு நாளாவது வேண்டும் என்று அவர் நினைத்தார். தப்பான நினைப்பென்று யார் சொல்ல முடியும்?

விளக்கு எரிக்கத் தடை இருந்ததால் நாடகம் மத்தியானமே தொடங்கியது. அத்தாப்பு ஓலைக் கொட்டகை நிரம்பி வழிந்தது. கிட்டத்தட்ட இருநூறு பேர், பெரும்பாலும் தோட்டத்து ஆட்கள். கதிர்வேந்தன் கோட்டை வாசலுக்கு வந்தாயிற்று. முரட்டு அரசன் மீசையை முறுக்கிக்கொண்டு எதிரில் நின்றார். மீரான் ஆர்மோனியத்தில் சண்டை மெட்டை எடுத்தார்.

மேடை உயரம் என்பதால் தெய்வானைக்கு முன்பக்கத் தட்டிக்கு மேலே ரோடு தெரிந்தது. இரண்டு லோரிகள் வந்து நின்றன. சிப்பாய்கள் துப்பாக்கியோடு குதித்து வாசலை ஒட்டி வரிசையாக நின்றார்கள். உள்ளே வரவில்லை. நாடகம் முடிந்து சனங்கள் தாங்களாக வெளியே வருவதற்குக் காத்திருந்தார்கள்.

படம் காட்டி ஆள் பிடித்த அதே வலைதான். ஓடுங்கள் என்று கத்தலாம். கத்தினால் சிப்பாய்களுக்கும் கேட்கும். அதோடு, கத்தத் தமிழும் வேண்டுமே. அவளிடம் இருந்த தமிழெல்லாம் அந்த நாடகத்துத் தமிழ்தான்.

அதில் ஒரு பாட்டு இருந்தது. இந்த நாடகத்தில் கல்யாணம் மேடையில் நடக்காது. சண்டையில் வென்ற கதிர்வேந்தன் குதிரையோடு கீழே இறங்கி, சனங்களுக்கு நடுவே புகுந்து, பக்கவாட்டு வழியாக வெளியேறி, சந்து வழியே மாரியம்மன் கோயிலுக்குப் போவான். கூட்டம் முழுவதும் மாப்பிள்ளை ஊர்வலமாகப் பின்னால் போகும். அம்மன் முன்னால்தான் மரகதவல்லிக்கு மாலை. செட்டித் தெருவிலும் அங்கே வந்துபோகிறவர்களிடமும் ஓர் எழுதாத சட்டம் உண்டு: மாப்பிள்ளை ஊர்வலம் கடக்கும்போது யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. உட்கார்ந்தால் அந்தக் கல்யாணத்துக்கு ஆகாது.

தெய்வானை வாளை உறையில் போட்டாள்.

"பரியேறிப் போறாரு மாப்பிள்ளை, பந்தலுக்கு வாருங்க ஊரெல்லாம்!"

ஆர்மோனியம் திக்கித் திணறியது. கொட்டகை கொல்லென்று சிரித்தது.

"அடியாத்தி, பாட்ட மாத்திப் பாடிட்டா!"

"சண்டை எங்கம்மா? சண்டையப் போடு!"

"தமிள் தெரியாதவள மேடையேத்துனா இப்படித்தான்!"

சொன்னது புரியாவிட்டாலும் சிரிப்பு புரிந்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது அவளுக்கு. ஒன்பது வருஷத்துப் பெருமை அந்த ஒரு நிமிஷத்தில் காற்றில் போயிற்று. போகட்டும் என்று மறுபடியும் அதே வரியைப் பாடிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். மீரான் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு வாசல் பக்கம் பார்த்தார். அடுத்த வரிக்குள் ஊர்வல மெட்டுக்கு மாறிவிட்டார். தவில்காரரும் கூடவே மாறினார்.

குதிரை முன்வரிசையைத் தொட்டது. கருணாகரன் என்ற தோட்டத்து ஆள், வருஷம் தவறாமல் வருகிறவர், தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார். "பாட்டு தப்போ சரியோ, மாப்பிள்ளை வந்துட்டாருப்பா. எந்திரிங்க." அவர் எழ, பக்கத்தில் இருந்தவர்கள் எழ, பாய்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு. மரகதவல்லியாக நடித்த கமலவேணியும் ஒன்றும் புரியாமல் பின்னால் ஓடிவந்தாள். தவிலும் மீரானின் ஆர்மோனியமும் மட்டும் மேடையிலேயே நின்று முழங்கின.

பக்கவாட்டு வழியைத் தாண்டும்போதுதான் தெய்வானைக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது. சின்னப்பா.

"யாரடா அங்கே! என் கோட்டை வாசலில் குதிரைச் சத்தம்!"

அது அவருடைய முதல் வரி. ஏற்கெனவே சொன்ன வரி. தொடர்ந்து இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது வரை சொல்லிவிட்டு மறுபடியும் முதல் வரிக்கே வந்தார். உள்ளே சத்தம் நின்றால் சிப்பாய்கள் எட்டிப் பார்ப்பார்கள். சத்தம் நிற்காமல் இருக்க யாராவது ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். மேடையில் நின்ற அவருக்கும் அந்த லோரிகள் தெரிந்திருக்கும்.

திரும்பிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. பின்னால் இருநூறு பேர் அவள் குதிரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். அவள் திரும்பினால் அவர்களும் திரும்புவார்கள். தெய்வானை பாடிக்கொண்டே நடந்தாள். ஒட்டு மீசை கண்ணீரில் நனைந்து ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

கோயில் வாசலில் கமலவேணியின் காதில் மலாயில் விஷயத்தைச் சொன்னாள். கமலவேணி அதைத் தமிழில் சொல்ல, ஒரே மூச்சில் சிரிப்பு அடங்கியது. செட்டி வீடுகளின் கொல்லைகள் வழியாகவும் வயல் வரப்பு வழியாகவும் கூட்டம் கரைந்தது. கருணாகரன் கடைசியாகப் போனார். போகும்போது குதிரைக்கு முன்னால் நின்று அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மீரான் மாலையில் வந்தார். உதடு கிழிந்திருந்தது.

"அரை மணி நேரம் தங்கச்சி. அந்த ஆறு வரியையே திரும்பத் திரும்ப... எத்தனவாட்டின்னு தெரியல. ஒரு வார்த்த தப்பல. அப்புறம் உள்ள வந்துட்டானுங்க. என்னையும் தவில்காரரையும் அடிச்சி வெரட்டிட்டானுங்க. சின்னப்பாவ மட்டும் லோரியில ஏத்திட்டானுங்க."

ஊர் அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. தோட்டத்துப் பெண்கள் மரவள்ளியும் முருங்கைக்கீரையும் கொண்டுவந்து கொட்டினார்கள். பிறந்த பெண் குழந்தைகளுக்கு அவள் பெயரை வைத்தார்கள். தெய்வானைக்கு அதெல்லாம் முள்ளாகக் குத்தியது. கட்டின புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அவர் திரும்பி வந்தால், ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்பார். என்ன பதில் சொல்வது? இரண்டரை வருஷம் அந்தப் பதிலைத் தேடினாள்.

நாற்பத்தைந்தாம் வருஷக் கடைசியில் அவர் வந்தார். மலாக்காவுக்கு இருந்த தண்டவாளத்தையும் ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டு போயிருந்ததால் ரயில் நின்றுபோன தம்பின் ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தார். எலும்பும் தோலும், காலில் ஆறாத புண். படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். தெய்வானை அவர் காலடியில் அப்படியே சரிந்தாள்.

சின்னப்பாதான் பேசினார். மலாயில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இதுதான்:

"எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்களா?"

அவள் தலையசைத்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றார் அவர். "சயாம் ரயில் பாதையில், மலாக்காவிலிருந்து ஆள் வந்து இறங்கும்போதெல்லாம் ஓடிப்போய் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். நம் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தராவது இருக்கிறாரா என்று. ஒருத்தர்கூட இல்லை, தெய்வானை. அந்த நாளெல்லாம் நான் வயிறு நிறைந்த மாதிரி தூங்குவேன்."